எந்த வரியில் நின்றீர்கள்

ஏகாம்பரத்தின் வேலையைப் பறித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்ட மற்ற எல்லாரும் தாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று எழுத்துபூர்வமாகக் கொடுத்துவிட்டார்கள். செல் கம்பெனி கொடுத்துவிட்டது. திறவு நிறுவனம் மூன்று பக்கத்துக்கு, அழகான எழுத்துருவில் கொடுத்துவிட்டது. என் மேலதிகாரி ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பாக்கி இருப்பது நான் ஒருத்திதான்.

என் பெயர் வசுமதி. சேத்தேரி கிளை நூலகத்தின் நூலகர். இருபத்தேழு வருட சர்வீஸ். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நாலு வருடம் ஆகிறது.

ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பூட்டி வைத்திருந்த காலம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஊரார் வரிப்பணத்தில் ஆராய்ச்சி நடக்கும். பேராசிரியர் ஒருவர் காசு வாங்காமல் கட்டுரை எழுதிக் கொடுப்பார். இன்னொரு பேராசிரியர் காசு வாங்காமல் அதைச் சரிபார்ப்பார். வெளியிடுகிறவன் அதை வாங்கிப் பூட்டி, எழுதியவர்களின் கல்லூரிக்கே விலைக்கு விற்பான். என்னைப் போன்ற கிளை நூலகரால், தேடி வருகிறவர்களுக்குத் திரையில் தெரியும் பூட்டின் படத்தைத்தான் காட்ட முடியும். எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். காட்டிவிட்டு உள்ளே போய்க் கையாலாகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

2039ஆம் வருடம் அந்தப் பூட்டு உடைந்தது. உலகத்தில் எழுதப்பட்ட எல்லா ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எல்லாருக்கும் இலவசம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படியெடுக்கலாம் என்று நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டன. அன்றைக்கு நூலகத்துக்கு வந்த முப்பத்திரண்டு பேருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். எங்கள் உதவியாளர் மஸ்தான் பாய்க்கு எதற்கென்றே புரியவில்லை, ஆனாலும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஆறே மாதத்தில் திறவு வந்தது. எல்லாக் கட்டுரைகளையும் ஒரே இடத்தில் சேர்த்து, நூலகங்களுக்கு வாசிப்பு மேசைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். மேசையின் மேற்பரப்பு முழுக்கக் கண்ணாடித் திரை. என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், கட்டுரை தமிழில் வரும். எட்டாவது படித்தவருக்கு எட்டாவது படித்தவர் தமிழில் வரும். கண் எந்த வரியில் தடுமாறுகிறது என்று மேசை கவனித்து, அந்த வரியை மட்டும் இன்னும் எளிதாகச் சொல்லும். இது ஒரு வரம் என்றுதான் நான் நினைத்தேன். பல்கலைக்கழகங்களும் அப்படி நினைத்து, திறவு இருக்கும்போது நமக்கெதற்குத் தனிச் சேமிப்பு என்று தங்கள் சேமிப்புகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டன.

ஏகாம்பரம் வந்தது போன ஆடி மாதத்தில். முப்பத்தெட்டு வயது. பிழைப்புக்காகச் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து இரண்டு வருடம் முன்பு குடும்பத்தோடு வந்தவர். ஊருக்கு வடக்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்குகிற ஆலை இருக்கிறது. ஊரில் அதற்குச் செல் கம்பெனி என்று பேர். அங்கே உலையில் வேலை. செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல் வந்தார்.

"மேடம், ஈயம் ஒடம்புல பூந்தா இன்னா ஆவும்னு இதுல இருக்குமா?"

"யாருக்கு, உங்களுக்கா?"

"எனக்கு இன்னா, போவட்டும். பொண்ணுக்கு. ஆதிரைன்னு பேரு, ஆறு வயசு. எப்பப் பாத்தாலும் வயித்து வலின்றா. போன வருசம் எழுதிகினு இருந்த எழுத்தெல்லாம் இப்ப மறந்து போவுது. கம்பெனி டாக்டரு பூச்சி மருந்து குடுத்துகினே கீறாரு."

மேசையில் உட்கார வைத்தேன். முதல் நாள் நாற்பது நிமிடம் படித்தார். மறுநாளும் வந்தார். மூன்றாவது வாரம் தன்னோடு உலையில் வேலை செய்யும் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தனை பேரும் குனிந்து படிப்பதைப் பார்த்தபோது, இதற்குத்தான் இந்த வேலைக்கு வந்தோம் என்று எனக்குத் தோன்றியது. 

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாசகர் கேட்பதற்கு முன்னால் அவருக்குத் தேவையானதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்தான் நல்ல நூலகர். படிப்பு முடித்த நாளிலிருந்து இதைத்தான் மண்டையில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு விருப்பக் குறிப்பு எழுதுவோம். முன்பெல்லாம் சின்ன அட்டையில் எழுதி என் மேசை இழுப்பறையில் வைத்திருப்பேன். திறவு வந்த பிறகு மேசையிலேயே எழுதலாம், புதிய கட்டுரை வந்தால் அதுவே வாசகரின் போனுக்கு அனுப்பிவிடும்.

ஏகாம்பரத்துக்கு நான் எழுதிய குறிப்பு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. உலைத் தொழிலாளி, வயது 38. மகள், வயது 6, வயிற்று வலி, மறதி. தேவை: குழந்தைகளுக்கு ஈய நச்சு, இரத்தப் பரிசோதனை, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். உடன் வரும் வாசகர்கள் ஐவர். கீழே எழுதிய ஆலையின் முழுப்பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. அதைக்கூடத் திருத்தினேன்.

மஸ்தான் பாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், அந்தாளு எங்க வேலை செய்யறாருன்னு இதுல எதுக்கு?"

"அப்பதான் பாய் அவருக்குச் சரியான கட்டுரையா வரும்."

அவர் தலையாட்டிவிட்டுப் புத்தகம் அடுக்கப் போனார். மேலே ஏதாவது சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அவ்வளவு மிதப்பு எனக்கு.

ஆறு பேரும் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு வேலூர் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுப்பது. ஆலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டில்கூட ஏகாம்பரம் தன் மனைவி லோகநாயகியிடம் மட்டும்தான் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வியாழனன்று ஆலையில் அவரைக் கூப்பிட்டு, ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று காகிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக் குடியிருப்பை ஞாயிறுக்குள் காலி செய்யவேண்டும். கம்பெனி கொடுத்திருந்த ஆதிரையின் மருத்துவ அட்டை அன்றைக்கே செல்லாமல் போனது. மற்ற ஐந்து பேரையும் வெள்ளிக்கிழமை ஒரே வேனில் ஏற்றி, வேறு மாநிலத்திலுள்ள கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். ஏகாம்பரம் சனிக்கிழமை நூலகத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வந்தார்.

"உக்காருங்க ஏகாம்பரம்."

"உக்கார வர்ல மேடம். ஒண்ணு கேக்கணும். அந்தக் கம்பெனி ஆபீசரு என்னைக் கூப்ட்டு இன்னா சொன்னாரு தெரியுமா? ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்லைன்ற வரியையே ஏம்பா திரும்பத் திரும்ப படிக்கிற, அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் எழுதறதுன்னாரு."

நான் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"நான் அந்த வரியை வாய்வுட்டுப் படிக்கல மேடம். யாராண்டயும் சொல்லல, என் பொஞ்சாதியாண்டகூடச் சொல்லல. மனசுக்குள்ளதான் படிச்சேன். நான் எந்த வரியில நின்னேன்னு அந்தாளுக்கு எப்டித் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏச்சு இல்லை. இருந்திருந்தால் தேவலை. திரும்பிப் போய்விட்டார்.

திறவு நிறுவனத்தில் எங்கள் மாவட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் அஸ்வத் என்ற இளைஞர். மிகவும் மரியாதையானவர். போன் செய்த மறுநாளே வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் விளக்கினார். ஒளிக்கவே இல்லை. ஒளிப்பதற்கு அதில் ஏதாவது இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

"மேடம், நாங்க யாரோட பேரையும் யாருக்கும் கொடுக்கறதில்ல."

"பின்ன எதைக் கொடுக்கறீங்க?"

"நோக்க மதிப்பெண். ஒருத்தர் எதைப் படிக்கறார், எந்த வரியில நிக்கறார், எதைத் திரும்பப் பாக்கறார், இதை வச்சு அவர் அடுத்து என்ன செய்வார்னு மெஷின் கணிக்கும். சந்தா கட்டற கம்பெனிகளுக்கு அந்த மதிப்பெண்ணும், எந்த வரியால அது ஏறுச்சுங்கற விவரமும் போகும். உங்க வாசகர் நாலு மாசத்துக்குள்ள வழக்குப் போடறதுக்கு வாய்ப்பு நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. பேர் இல்லாமதான் போச்சு. சேத்தேரி, உலைத் தொழிலாளி, முப்பத்தெட்டு வயசு, ஆறு வயசுல பொண்ணு. அவ்ளோதான்."

"அப்படி ஒரு ஆள் இந்த ஊர்ல எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைக்கறீங்க?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க மேடம்."

"கட்டுரை இலவசம்னு சொன்னீங்களே."

"இன்னைக்கும் இலவசம்தான் மேடம். எப்பவும் இலவசமாத்தான் இருக்கும். ஆனா இவ்ளோ பெரிய அமைப்பு எதுல ஓடும்? படிக்கறதுலேர்ந்து கிடைக்கற தகவல்லதான் ஓடும். ஒப்பந்தத்துல பதினாலாவது பக்கத்துல இருக்கு. உங்க துறை கையெழுத்துப் போட்டிருக்கு."

"அவருக்குப் பொண்ணு இருக்குன்னும், அதுக்கு ஆறு வயசுன்னும் உங்க மேசைக்கு எப்படித் தெரிஞ்சது? அதைக் கண்ணைப் பாத்துச் சொல்ல முடியாதே."

அஸ்வத் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். "நீங்கதானே மேடம் எழுதியிருந்தீங்க. உங்க குறிப்புகள்தான் மாநிலத்துலயே சிறப்பா இருக்குன்னு புது நூலகர்களுக்குப் பயிற்சியில மாதிரியாக் காட்டறோம். பொதுவா மதிப்பெண் அறுபதைத் தாண்டாது. நல்ல குறிப்பு இருந்தாத்தான் தொண்ணூறுக்குப் போகும்."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நான் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை அடித்திருப்பேன். முன்னே இருந்தவன் கட்டுரையைப் பூட்டினான். இவர்கள் கட்டுரையைத் திறந்து வைத்துவிட்டு, படிக்க வருகிறவனைக் கண்ணியில் பிடித்தார்கள். கண்ணிக்குள் அரிசி தூவி வைத்தது நான். பொறுப்பாக, அக்கறையாக, எழுத்துப்பிழை திருத்தித் தூவினேன்.

"அந்தக் குறிப்பை அழிச்சிடுங்க."

"அழிக்கலாம் மேடம். ஆனா மதிப்பெண் போயிடுச்சு. போனதைத் திரும்ப வாங்க முடியாது."

மேசைகளின் மின்சாரத்தைப் பிடுங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிடுங்கினால் தினமும் மேசையில் படிக்க வருகிற கால்நடை மருத்துவர் எங்கே போவார்? நர்ஸ் படிப்புக்குத் தயார் செய்கிற பெண்கள் எங்கே போவார்கள்? பல்கலைக்கழகச் சேமிப்புகள் எல்லாம் மூடிக்கிடக்கின்றன. திறவை விட்டால் வேறு வாசல் இல்லை. பூட்டின் படத்தை மறுபடி நானே மாட்டியதாக ஆகும். இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மஸ்தான் பாயிடம் சொன்னேன். "ஒருத்தர் படிச்சா யாருன்னு தெரியுது. ஊரே அதே கட்டுரையைப் படிச்சா?"

"ஊரு எதுக்கு மேடம் படிக்கும்?"

"படிக்க வேணாம் பாய். படிக்கற மாதிரி உக்காந்துட்டுப் போனாப் போதும்."

ஏகாம்பரம் படித்த கட்டுரைகள் பதினொன்று. ஊரில் யார் கிடைத்தாலும் சரி, வந்து மேசையில் உட்கார்ந்து பதினொன்றையும் பார்க்கவேண்டும். பாதுகாப்பான அளவு இல்லை என்ற வரியில் கண்ணை நிறுத்தவேண்டும். மதிப்பெண்கள் குவியட்டும். யாரை வேலையை விட்டு எடுப்பது என்று செல் கம்பெனி முழிக்கட்டும். அப்படியொரு வரிசையில் இனி ஏகாம்பரத்தைப் போல எந்த ஆலைத் தொழிலாளி வந்து உட்கார்ந்தாலும் தனியாகத் தெரியமாட்டார்.

நானே தெருத்தெருவாகப் போனேன். ஆட்டோ ஸ்டாண்ட், பூக்கடை, மகளிர் குழுக்கூட்டம், டியூஷன் சென்டர் வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. மேசை உங்கள் கண்ணைப் பார்க்கும், நீங்கள் வழக்குப் போடப்போகிறவர் என்று கம்பெனிக்குச் சொல்லும், இஷ்டம் இருந்தால் வாருங்கள் என்றேன். ஒரு ஆட்டோக்காரர், "கம்பெனிக்காரன் என்னை இன்னா டிஸ்மிஸ் பண்ணிடுவானா?" என்று சிரித்தார். ஏகாம்பரத்திடமும் போய்ச் சொன்னேன். குடியிருப்பைக் காலி செய்தபின் பக்கத்து ஊரில் தங்கியிருந்த மாமியார் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டார்.

"என்னை மாட்டி வுட்டது போதாதுன்னு இப்ப ஊரையே மாட்டி வுடப் போறீங்களா?" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

புதன்கிழமை காலையிலிருந்து வரிசை நின்றது. ஒவ்வொருவருக்கும் நான் விருப்பக் குறிப்பு எழுதினேன். பூக்காரி, ஆட்டோக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், எல்லாருக்கும் ஒரே குறிப்பு: உலைத் தொழிலாளி, வயது 38, மகள், வயது 6, வயிற்று வலி, மறதி. இருபத்தேழு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய்ப் பதிவு அது. நானூற்றுப் பன்னிரண்டு தடவை எழுதினேன். கை கூசவில்லை.

முதல் நாள் மத்தியானம் வரை எல்லாம் நினைத்தபடி நடந்தது. வந்தார்கள், திரையைத் தள்ளினார்கள், காட்டிய வரியில் கண்ணை வைத்தார்கள், சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். இரண்டு மணி வாக்கில் கன்னியம்மா உட்கார்ந்தார். துணி வெளுக்கிறவர், ஐம்பதை ஒட்டிய வயது, செல் கம்பெனியின் சீருடைகள் அவர் வீட்டில்தான் வெளுப்பு. ஒன்பதாவது கட்டுரைக்கு வந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் பக்கத்தில் போனேன்.

"போதும்மா, அடுத்தவங்களுக்கு வழி விடுங்க."

"இது நம்ம ஊருங்க மேடம்," என்றார் கன்னியம்மா.

"எது?"

"இதுல ஊர் மூணுன்னு போட்டுக்கீது பாருங்க. இஸ்கூலுக்கு இந்தாண்ட ரயில்வே கேட்டாம், அந்தாண்ட தண்ணியில்லாத ஏரியாம். வாசல்ல ரெண்டு அரச மரமாம். நம்ம பஞ்சாயத்து இஸ்கூலுதான இது?"

நான் அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தேடிக் கொடுப்பேனே தவிர உட்கார்ந்து படிப்பவள் இல்லை. ஏகாம்பரம் படித்தார், ஆனால் அவர் ஊருக்குப் புதியவர். அரச மரங்களில் ஒன்றை வெட்டியே ஆறு வருடம் ஆகிவிட்டதாம். கட்டுரையில் ஊரின் பெயர் கிடையாது. ஆராய்ச்சி நெறிமுறைப்படி மறைத்திருந்தார்கள்.

நின்றபடியே படித்தேன். 2027இல் வெளியான கட்டுரை. உருக்காலைகளுக்குப் பக்கத்திலிருக்கும் மூன்று ஊர்களில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். எங்கள் ஊரான 'ஊர் மூன்றில்' மட்டும் நூற்று நாற்பத்தொரு பிள்ளைகள். அதில் நூற்று இருபத்தாறு பேருக்கு ஈயம் மிக அதிகம். படிப்பும் நினைவாற்றலும் கவனமும் நிரந்தரமாகக் கெடும், உடனே வேறிடம் மாற்றிச் சிகிச்சை தரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் நன்றி சொல்லியிருந்தார்கள். பெற்றோருக்கு நன்றி, தலைமையாசிரியருக்கு நன்றி, வளாகத்துக்குள் மண் எடுக்க அனுமதித்த ஆலை நிர்வாகத்துக்கு நன்றி. ஆக, ஆலைக்கு இது தெரியும்.

பன்னிரண்டு வருடம் இந்தக் கட்டுரை பூட்டுக்குள் இருந்திருக்கிறது. ஒரு தடவை படிக்க ஊர்க்காரனின் ஒரு வாரக் கூலி. பூட்டு உடைந்த பிறகும், இப்படி ஒன்று இருக்கிறது என்று ஊருக்கு வந்து சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எழுதினவர்களுக்கு இதனால் பதவி உயர்வு கிடைத்திருக்கும். வெளியிட்டவன் லாபம் பார்த்திருப்பான்.

"என் பையன் வெரல்லகூடக் குத்தி ரத்தம் எடுத்தாங்க," என்றார் கன்னியம்மா. அவர் குரல் உயரவில்லை. "பாபுக்கு அப்ப ஏழு வயசு. ஒரு பிஸ்கோத்துப் பொட்டலம் குடுத்தாங்க. ரிசல்ட்டு வரும்னாங்க. நான் ரெண்டு மூணு தபா இஸ்கூல்ல போய்க் கேட்டேன். வர்லன்னுட்டாங்க."

"உங்க பையன் இப்ப என்ன பண்றார்?"

"ஒம்போதாவதோட நின்னுட்டான். மண்டையில ஏறல. ஒண்ணு சொன்னா அஞ்சு நிமிசத்துல மறந்துடுவான்." திரையில் அந்த வரியை விரலால் தடவினார். "படிக்க மாட்டன்றான்னு அவனை வெறகுக் கட்டையால அடிச்சிருக்கேன் மேடம். முதுகுல தழும்பு கீது."

வரிசையில் முணுமுணுப்பு நின்றுபோனது. பின்னால் நின்ற பூக்கார ராஜகுமாரி முன்னால் வந்து எட்டிப்பார்த்தார். அவருடைய மகளும் அப்போது பாபுவோடு அதே வகுப்புதான். அதன் பிறகு யாரும் சிரித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. மூன்று நாளும் நாலு மேசைகளிலும் ஜனங்கள் ஒன்பதாவது கட்டுரையைத்தான் படித்தார்கள். பத்து நிமிடத்துக்கு வந்தவர்கள் மேசைக்கு நாலைந்து பேராக ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். முதலில் வந்துவிட்டுப் போனவர்கள் கேள்விப்பட்டுத் திரும்பி வந்து மறுபடியும் வரிசையில் நின்றார்கள். மேசையில் அச்செடுக்க வசதி கிடையாது, வேண்டுமென்றே வைக்கவில்லை. ஆனால் படியெடுக்க எல்லாருக்கும் உரிமை உண்டு என்று கட்டுரையின் தலையிலேயே இருந்தது. மஸ்தான் பாய் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுத ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எழுதினார்கள்.

சனிக்கிழமை அஸ்வத் போன் செய்தார். குரலில் வழக்கமான மரியாதை இருந்தது, நிதானம் இல்லை.

"மேடம், நீங்க என்ன முயற்சி பண்ணீங்கன்னு எங்களுக்குப் புரியுது. உங்க துறைக்கும் தெரிவிச்சாச்சு. இது மாதிரி கூட்டமா உக்காந்து நடிக்கறதைக் கண்டுபிடிக்க எங்ககிட்ட வடிகட்டி இருக்கு. நடிக்கறவங்க கண்ணு எல்லா வரியிலயும் ஒரே வேகத்துல போகும். நிஜமாப் படிக்கறவங்க கண்ணு அப்படிப் போகாது."

"சரி, வடிகட்டிட்டீங்களா?"

"வடிகட்டினோம்."

"எத்தனை பேர் கழிஞ்சாங்க?"



"ஒருத்தரும் கழியல மேடம். நானூத்திப் பன்னிரண்டு பேரும் படிச்சிருக்காங்க. வழக்குப் போடுவாங்களான்னா, யாருக்கும் தொண்ணூறுக்குக் குறைவா மதிப்பெண் வரல. மெஷின் தப்புப் பண்ணுதோன்னு மூணு தடவை ஓட்டிப் பாத்தோம்."

"தப்பு இல்ல," என்றேன். "சந்தா கட்டினவங்களுக்கு அனுப்பிடுங்க. ஒரு ஆளையும் விடாம அனுப்புங்க."

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். எட்டு வேன் பிடித்துப் போனார்கள். செல் கம்பெனியின் வக்கீல் கையில் திறவு அனுப்பிய அறிக்கையோடு முன்னதாகவே வந்திருந்தார். சேத்தேரியில் முப்பத்தெட்டு வயது உலைத் தொழிலாளிகள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருப்பதாகவும், எல்லாருக்கும் ஆறு வயதில் ஒரு மகள் இருப்பதாகவும் அதில் இருந்தது. வேனிலிருந்து இறங்கியவர்களை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னியம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்று, மனுவில் தன் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னால் மற்றவர்களும் அவரவர் பெயரைத்தான் எழுதினார்கள்.

வழக்கு நடக்கிறது. ஆலையை இடைக்காலமாக மூடியிருக்கிறார்கள். இதையெல்லாம் வெற்றி என்று பத்திரிகையில் எழுதினார்கள். ஆதிரையின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மறந்துபோன எழுத்துகளில் எத்தனை திரும்பி வரும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பாபுவுக்கு இனி எதுவும் திரும்பி வராது என்று சொல்லிவிட்டார். பொய்ப் பதிவு செய்ததற்காக எனக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை வந்திருக்கிறது. விளக்கத்தில், ஏகாம்பரத்தைப் பற்றி எழுதிய முதல் பதிவு உண்மையானது, அதற்குத்தான் என்னைத் தண்டிக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் ஏகாம்பரம் வந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு. மேசைகளின் பக்கமே திரும்பவில்லை. மஸ்தான் பாயிடம், ஊரார் கையால் எழுதிய கட்டுரைப் பிரதிகள் இருக்கும் அலமாரி எது என்று கேட்டு, அதற்குப் பக்கத்தில் போய் நின்றார். எதையும் எடுக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்பதற்காக நான் எழுந்து போனேன். இருபத்தேழு வருடப் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது.

"மேடம், தப்பா நினைச்சிக்காதீங்க," என்றார். "நான் இன்னா எடுக்கிறேன்னு நீங்களும் பாக்கக் கூடாது."

நான் வெளியே வந்தேன். மஸ்தான் பாயையும் கூப்பிட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை நிழலில், நூலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் படித்து முடிக்கும்வரை நின்றிருந்தோம்.